தாயமும் சூதும்

(ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று எனக்கு அளிக்கப்பெற்ற பொருள் தாயம் என்னும் விளையாட்டைப் பற்றியது. தலைப்பைக் கேட்டவுடன் சிலர் முறுவலிப்பதையும், சிலர் புருவம் நெரிப்பதையும் காண்கின்றேன். இரண்டிற்கும் காரணம் உண்டு. அடுத்த ஆண்டு விழாவில், குடும்பங்கள் ஒருங்கு கூடியிருக்கும் பிற்பகல் வேளையில், தாயக்கட்டம் வரைந்து யாவரும் ஆட இடந்தரல் வேண்டுமென்று மாதர் பகுதியினர் விண்ணப்பித்துள்ளனர். "சூதாட்டத்திற்குச் சங்கமே பாய் விரிப்பதா?" என்று மூத்த அங்கத்தினர் சிலர் வினவியுள்ளனர். காரியக் கமிட்டியார் முடிவு செய்யுமுன், இவ்விளையாட்டின் வரலாறும் முறையும் யாவருக்கும் தெரிதல் நலம் எனக் கருதி என்னைப் பேசப் பணித்தனர். நான் ஒரு கட்சிக்கு வக்கீலாக வரவில்லை. ஆயினும் என் கருத்தையும் இறுதியில் மறையாது உரைப்பேன்.

மறுப்புரைத்த பெரியோர்களின் அச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. நம் நாட்டில் கவற்றின் கதை பெரும்பாலும் கண்ணீரின் கதையே. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்து 34-ஆம் சூக்தம் ஒரு சூதாடியின் புலம்பலாக அமைந்தது. அக்காலத்தில் கவறாக உதவியது தான்றிக்காய். மனைவி வெறுக்கிறாள்; மாமி பகைக்கிறாள்; உற்றாரும் கைவிடுகின்றனர்; இனி ஆடேன் என்று உறுதி கொள்கிறான்; ஆயினும் காய் உருளும் ஓசை செவியிற்பட்டதும் அவன் கால்கள் அங்கேயே செல்கின்றன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அப்புலம்பலில் இன்று மாற்ற வேண்டிய சொல் மிகச் சிலவே.

மகாபாரதத்துச் சபாபர்வத்தை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாட்டையும், தம்பியரையும், தன்னையும், தருமபத்தினியையும் வரிசையாகப் பணயம் வைத்த தருமபுத்திரர் கதையைக் கேளாத தமிழர் இலர். வனபர்வத்தில் வரும் நளன் கதையும் அத்தகையதே. புட்கரனிடம் நாட்டைத் தோற்ற நளனை நமக்குப் புகழேந்திப் புலவர் நளவெண்பாவாலும், அதிவீரராம பாண்டியர் நைடதத்தாலும் அறிமுகப்படுத்தினர். திருவள்ளுவரோ 94-ஆம் அதிகாரம் முழுவதையும் சூதின் தீமைக்கே ஒதுக்கினார். அவ்வதிகாரத்தில் கழகம் என்னும் சொல் சூதாடும் இடத்தையே குறிக்கின்றது. இன்று அதே சொல் கற்றோர் கூடும் அவைகளுக்கும் பொதுநலச் சங்கங்களுக்கும் பெயராக வழங்குகின்றது. சூதாடுமிடத்தின் பெயர் நற்பொருளிலும் வழங்குமாயின், கவறுக்கும் ஒரு நற்பயன் உண்டாகலாகாதோ என்று ஆராய்தல் தவறாகாது.

நிற்க. கண்டனங்கள் ஒருபுறமிருக்க, சூதல்லாத ஆட்டமும் நம்மிடையே தொன்றுதொட்டு இருந்ததற்குத் தமிழ் நூல்களே சான்று. பலகையில் காய் வைத்து ஆடும் ஆட்டத்திற்குப் பழந்தமிழ்ப் பெயர் வல் என்பது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் இச்சொல்லின் புணர்ச்சியைக் கூறுமிடத்து, அதனோடு சேரும் சொற்களாக நாய், பலகை என்னும் இரண்டையும் குறித்தார். ஈண்டு நாய் என்றது வீட்டைக் காக்கும் விலங்கையன்று, ஆட்டக்காயையே. பலகையும் காயும் உடைய ஓர் ஆட்டம் இலக்கணம் வகுக்குமளவிற்கு மக்கள் வாயில் வழங்கிற்று என்பது இதனால் விளங்கும்.

இதனினும் மனத்தைத் தொடுவது புறநானூற்றின் 52-ஆம் பாட்டு. மருதன் இளநாகனார் பாண்டியன் மாறன் வழுதியின் பகைவர் நாடு பாழ்படுவதைச் சொல்லுகிறார். அங்கே ஒரு பொதியில். அதாவது ஊரார் கூடும் மன்றம். தெய்வம் நீங்கிப் பலியும் நின்றுபோன இடம். முன்னே நரைத்த முதியவர்கள் அமர்ந்து காய் வைத்து வைத்து ஆடியதால் தரை குழிந்திருக்கின்றது. இப்பொழுது ஆடுவாரில்லை. அக்குழிகளிலே காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. போரின் கொடுமையைக் காட்ட அப்புலவர் இடிந்த கோட்டையைச் சொல்லவில்லை. முதியோர் இல்லாத ஆட்டக்களத்தைச் சொன்னார். ஊர் வாழ்கின்றது என்பதற்கு அடையாளமே, முதியோர் அச்சமின்றி அமர்ந்து காய் நகர்த்துவதுதான் என்பது அவர் உள்ளக்கிடக்கை போலும். அப்பாட்டில் பணயப் பேச்சே இல்லை என்பதை அன்பர்கள் நோக்குதல் வேண்டும்.

நிலத்தை அகழ்ந்தோர் கண்டவையும் இதற்குத் துணை நிற்கின்றன. சிந்துவெளியில் மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் சுடுமண்ணாற் செய்த பகடைகள் கிடைத்தன. மதுரைக்கு அண்மையிலுள்ள கீழடியில் தந்தத்தாலான பகடையும், சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களின் தளக்கற்களில், தூணோரமாக, ஆட்டக்கட்டங்கள் கீறப்பட்டிருப்பதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். திருவிழாவிற்கு வந்து தங்கியோரும், கல்தச்சரும், காவலரும் பொழுது போக்கிய சுவடுகள் அவை.

இனி, தாயத்தின் வடநாட்டு உறவினரைக் காண்போம். அங்கே இது இரண்டு உருவில் வழங்கிற்று. நீண்ட பகடைகளை உருட்டி ஆடுவது சௌபர். சோழிகளைக் குலுக்கி ஆடுவது பச்சீசு. களம் இரண்டிற்கும் ஒன்றே. துணியிலே கூட்டற்குறி போன்ற நான்கு கைகள். ஒவ்வொரு கையிலும் மூன்று வரிசை. வரிசைக்கு எட்டுக் கட்டம். ஆகக் கைக்கு 24, மொத்தம் 96. நடுவிலே மனை. நால்வர், ஆளுக்கு நான்கு காயாகப் பதினாறு காய்கள். எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சி. காய் தன் கையின் நடு வரிசை வழியே இறங்கி, வெளிவரிசைகளிலுள்ள 68 கட்டங்களையும் சுற்றி வந்து, மீண்டும் தன் நடு வரிசை வழியே மனை சேர்தல் வேண்டும்.

பச்சீசு என்பதற்கு இருபத்தைந்து என்று பொருள். ஆறு சோழி குலுக்குவோர் கணக்கில், எல்லாம் கவிழ்ந்து விழுந்தால் 25, ஒன்று மட்டும் நிமிர்ந்தால் 10, ஏனையவற்றிற்கு நிமிர்ந்த எண்ணிக்கையே மதிப்பு. அரிதாக விழுவதற்கு மிகுந்த மதிப்பு என்பது இதன் நீதி.

அக்பர் சக்கரவர்த்தி 1571-இல் கட்டத் தொடங்கிய பதேபூர் சிக்ரி நகரத்து அரண்மனை முற்றத்தில் இக்களம் கல்லாலேயே அமைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பல நிற ஆடையணிந்த பணிப்பெண்களே அங்குக் காய்களாக நின்று நகர்ந்தனர் என்பது வழிவழிச் செய்தி. அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியில் சௌபரின் முறை விரிவாக உள்ளது. பதினாறு பேர் வட்டமாய் அமர்ந்து 64 காய்களால் ஆடும் சண்டல் மண்டல் என்னும் ஆட்டத்தையும் அந்நூல் வர்ணிக்கின்றது. சக்கரவர்த்தி விளையாட்டைப் பொழுதுபோக்காக மட்டும் கொள்ளாமல், மனிதரின் குணத்தை அளந்தறியும் கருவியாகவும் கொண்டார் என்பது அவ்வாசிரியர் கருத்து. தோற்கும்பொழுது ஒருவன் முகம் எவ்வாறு மாறுகின்றது என்பதை அறிய இதனினும் மலிவான பரீட்சை இல்லை.

சித்திரக்காரர் பலர் தருமபுத்திரரும் சகுனியும் இக்கூட்டற்குறிக் களத்தின் முன் அமர்ந்திருப்பதாக எழுதுகின்றனர். சபாபர்வத்திலோ இத்தகைய களத்தின் வர்ணனை இல்லை. அங்கே கேட்பதெல்லாம் பணயத்தின் பெயரும், அக்கம் விழுந்தது, வென்றேன் என்னும் சகுனியின் சொல்லுமே. காய் நகர்த்தும் நீண்ட சிந்தனைக்கு அங்கு இடமேயில்லை. பாரதத்தின் பழியை நம் தாயக்கட்டத்தின்மேல் ஏற்றுவதற்குப் பின்வந்த ஓவியரே பெரிதும் பொறுப்பு.

மேனாட்டார் இவ்வாட்டத்தைக் கண்டு மகிழ்ந்து தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். அமெரிக்காவில் பார்ச்சீசி என்னும் பெயர் 1874-இல் வாணிகக் குறியாகப் பதிவாயிற்று. இங்கிலாந்தில் 1896-இல் லூடோ என்ற பெயரால் இதனைச் சுருக்கி உரிமை பெற்றனர். இரண்டு தாயக்கட்டைக்கும் ஆறு சோழிக்கும் ஈடாக ஒரே ஒரு கனசதுரப் பகடை. பகடையைக் கிண்ணத்தில் குலுக்கி ஆறு விழுந்தால் காய் இறங்கும். அச்சிட்ட அட்டையாக அதுவே மீண்டும் நம் கடைகளுக்கு வந்தது. நம் குழந்தைகள் அதனைச் சீமை விளையாட்டென்று கருதி ஆடினர். பாட்டியின் பெட்டியில் கிடந்த பித்தளைத் தாயக்கட்டையை யாரும் எடுக்கவில்லை. பாட்டியின் சொத்தைப் பேரன் அங்காடியில் விலை கொடுத்து வாங்கிய கதையாயிற்று இது.

இப்பொழுது நம் தாயத்தின் முறைக்கு வருவோம். ஊருக்கு ஊர், வீட்டிற்கு வீடு விதிகள் வேறுபடும். பொதுவானவற்றை மட்டும் சொல்லுகிறேன். களம், ஏழுக்கு ஏழு போன்ற சதுரமாகவோ, நான்கு கையுடையதாகவோ தரையில் சுண்ணாம்பாலோ கரியாலோ வரையப்படும். பெருக்கற்குறியிட்ட கட்டங்கள் மலை எனப்படும். அங்கே நிற்கும் காயை வெட்டலாகாது. நீண்ட தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றின் நான்கு பக்கத்திலும் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும், ஒரு வெறும் பக்கமும் உண்டு. இரண்டையும் உருட்டிக் கூட்டுதல் வேண்டும். ஒன்று விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையாய் விழுந்தால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தோர் மறுபடி உருட்டலாம். தாயம் விழுந்தாலன்றிக் காய் களத்தில் இறங்காது. பிறர் காய் நின்ற கட்டத்தில் நம் காய் சென்று சேர்ந்தால் அது வெட்டுண்டு வெளியேறும். வெட்டியவருக்கு மறு ஆட்டம் உண்டு. ஒரு காயையேனும் வெட்டாதவர் உட்கட்டத்தில் நுழைய முடியாது என்பது பல வீடுகளின் விதி. சுற்றி முடித்து நடுமனை புகுந்த காய் பழம் எனப்படும். எல்லாக் காய்களையும் முதலில் பழமாக்கியவர் வென்றவர். வெளியே நிற்பது காய். மனை சேர்ந்தது பழம். எத்துணை அழகிய வழக்கு!

இது வெறும் அதிர்ஷ்டமா? கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு கட்டைகள் விழும் வகை நான்கை நான்கால் பெருக்கிய பதினாறு. அவற்றுள் தாயம் விழும் வகை 2. இரண்டு விழும் வகை 3. மூன்று விழும் வகை 4. நான்கு விழும் வகை 3. ஐந்து விழும் வகை 2. ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு வகை. எனவே தாயம் சராசரியாக எட்டு வீச்சுக்கு ஒருமுறை வரும்; மறு ஆட்டம் தரும் வீச்சுகள் பதினாறில் ஆறு. எதிரியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னே நம் காயை நிறுத்தினால், அடுத்த வீச்சிலேயே நேராக வெட்டுப்படும் வகை பதினாறில் நான்கு. ஆறு கட்டம் முன்னே நிறுத்தினால் பதினாறில் ஒன்றே. தொடர்ந்து விழுந்த எண்களை ஒரே காய்க்குச் செலுத்துவதா, பிரித்துப் பல காய்களுக்குச் செலுத்துவதா, முன்னுள்ள காயை மலையேற்றுவதா, பின்னுள்ள காயால் வெட்டுவதா என்பதெல்லாம் ஆடுவோர் தேர்வு. விழுவது தெய்வத்தின் செயல். நகர்த்துவது மனிதனின் செயல். நம் பாட்டிமார் பின்னம் கற்றதில்லை; ஆயினும் மூன்றில் நிற்காதே, ஆறுக்கு அப்பால் நில் என்று பேரனுக்குச் சொன்னார்கள்.

நளன் கதையின் முடிவும் இதனையே உணர்த்துகின்றது. நாடிழந்த நளன் இருதுபன்னனுக்குத் தேரோட்டும்பொழுது, அம்மன்னன் ஒரு தான்றிமரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொன்னான். அவ்வெண்ணும் வித்தையைப் பெற்ற பிறகே நளனைப் பிடித்த கலி நீங்கினான். கண்மூடி ஆடியவன் கெட்டான். எண்ணக் கற்றவன் மீண்டான்.

இனி, நம் முன்னுள்ள வினாவிற்கு வருவோம். தாயத்திற்கும் சூதிற்கும் எல்லை எங்கே? கட்டையிலும் இல்லை, களத்திலும் இல்லை, பணயத்திலேதான் உள்ளது. வைகுண்ட ஏகாதசியிலும் சிவராத்திரியிலும் கண் விழிக்கும் பொருட்டு ஆடிய நம் தாய்மார் பணயமாக வைத்தது ஒன்றுமில்லை. தோற்றவர் மறுநாள் காலையில் கேலிச் சொல் கேட்டார், அவ்வளவே. சட்டமும் இவ்வெல்லையையே நோக்குகின்றது. பழைய சென்னை மாகாணத்தின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பொதுச் சூதாட்ட இல்லம் நடத்துவதைக் குற்றமாக்கிற்றேயன்றி, வீட்டுக் கூடத்தில் பணமின்றி ஆடும் ஆட்டத்தைத் தீண்டவில்லை.

ஆனால் பெரியோர்களே, நீங்கள் அஞ்சும் சூது நம் வீடுகளுக்குள் நுழையாமலில்லை. அது பாய் விரித்து வரவில்லை. கைப்பேசியின் வழியாக வந்தது. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் வீட்டோடிருந்த மக்கள் லூடோவைக் கைப்பேசியில் மிகுதியாக ஆடத் தொடங்கினர். பணம் கட்டி ஆடும் சீட்டு, லூடோ முதலியனவும் அக்காலத்தே பெருகின. முகந்தெரியாதவரோடு, நள்ளிரவில், தனித்து, கடன் வாங்கி ஆடிய இளைஞர் பலர். பொருளிழந்து உயிரையும் மாய்த்துக் கொண்டோர் செய்திகள் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து வந்தன. அதனால் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையில் 2022-இல் ஒரு குழு அமைக்கப்பெற்று, அவ்வாண்டே சட்டசபையில் தடைச்சட்டம் நிறைவேறிற்று. 2025 ஆகஸ்டு மாதத்தில் பாராளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றிற்று. சட்டம் வாயிலைக் காக்கும்; வீட்டிற்குள் இருப்போரைக் காப்பது நம் கடமை.

இவ்விரு ஆட்டங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தாயம் ஆடுவோர் எதிரே ஒரு முகம் இருக்கின்றது. அது வாடினால் ஆட்டம் நிற்கும்; பசித்தால் எழுவர்; குழந்தை அழுதால் களம் கலையும். கைப்பேசிச் சூதுக்கு முகமில்லை, பசியில்லை, விடியலில்லை. பகலில் பலர் நடுவே பணமின்றி ஆடிப் பழகிய பிள்ளைக்குத் தோல்வி என்பது சிரித்துவிட்டு எழவேண்டிய ஒன்று என்பது தெரியும். தோல்வியை அவ்வாறு பழகாத பிள்ளையே இழந்ததை மீட்பேன் என்று மேலும் மேலும் பணயம் வைக்கின்றான். தருமபுத்திரரின் நோயும் அதுவே அன்றோ? விளையாட்டையே விலக்கிவிட்டால் சூதும் விலகுமென்று எண்ணுதல் பொருந்தாது. நல்ல விளையாட்டு விட்டுச் சென்ற வெற்றிடத்தில்தான் தீயது குடிபுகுகின்றது.

"காலம் வீணாகாதா?" என்றும் ஒரு தடை கூறப்பட்டது. நியாயமான தடையே. நாள்தோறும் ஆடினால் வீணாகும். ஆண்டில் ஒரு பிற்பகல், மூன்று தலைமுறையினர் ஒரு களத்தைச் சுற்றி அமர்வது வீணாகாது. நம் கூட்டங்களில் ஆடவர் மேடையில் பேசுகின்றனர். மாதர் சமையற்கட்டிலும் பின்வரிசையிலும் இருக்கின்றனர். பிள்ளைகள் வாயிலில் கைப்பேசியோடு நிற்கின்றனர். இம்மூவரையும் ஒரே பாயில் அமர்த்த வல்ல வேறு நிகழ்ச்சி ஒன்றை எவரேனும் கூறினால், என் வாதத்தை இங்கேயே நிறுத்திக் கொள்வேன். அவ்வாட்டத்தில் எண்பது வயதுப் பாட்டியே ஆசிரியர். பட்டம் பெற்ற பேரன் மாணாக்கன். அவ்வாறு அவருக்கு மரியாதை தரும் இடம் இன்று எத்தனை உள்ளது?

ஆதலின் காரியக் கமிட்டியாருக்கு என் விண்ணப்பம் இது: மாதர் பகுதியினர் வேண்டுகோளை ஏற்றுக் கொள்க. ஆயின் மூத்தோர் அச்சத்திற்கும் மதிப்பளித்துச் சில கட்டுப்பாடுகள் விதிக்க. காசோ, காசுக்கு ஈடான பொருளோ களத்தருகே வரலாகாது. வென்றவர்க்குப் பரிசுப்பணமும் வேண்டா. சபையோரின் கரகோஷம் போதும். விளக்கேற்றும் வேளையில் ஆட்டம் முடிதல் வேண்டும். ஒவ்வொரு களத்திலும் ஒரு முதியவரும் ஒரு சிறுவரும் இருத்தல் வேண்டும். மேலும் ஒன்று: ஒவ்வொரு வீட்டிலும் வழங்கும் விதிகளை, அவற்றை அறிந்த தாய்மார் சொல்லச் சொல்ல, இளைஞர் எழுதி இச்சங்கத்திற்கு அனுப்புக. நம் பத்திரிகையில் மாதந்தோறும் ஒரு வீட்டு விதியை வெளியிடலாம். எழுதப்படாத இவ்விதிகள், அறிந்தோர் ஒருவர் மறையுந்தோறும் ஒன்றாக மறைந்து வருகின்றன.

தமிழிலே தாயம் என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. முன்னோர் வழி வந்த உரிமைப் பொருளுக்கும் தாயம் என்றே பெயர். நிலத்தாயத்திற்காக நீதிமன்றம் ஏறும் நாம், பாட்டியின் பெட்டியிலுள்ள இத்தாயத்தைக் கேட்பாரற்று விடுவது தகுமா? இதனைப் பங்கிட்டால் குறைவதில்லை. வழக்குமில்லை, வக்கீலுக்குக் கட்டணமுமில்லை. அடுத்த ஆண்டு விழாவிற்கு வருகையில் வீட்டிலுள்ள தாயக்கட்டையைத் துலக்கி எடுத்து வாருங்கள் என்று கேட்டுக் கொள்கின்றேன்.